அவளுக்கு வைத்த தண்ணீர்

சிலி நாட்டுப் பாலைவனத்தில் நானும் எபனேசரும் முதுகுப்பையோடு நடந்துகொண்டிருந்தோம். சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மாடம். தாகத்தில் செத்துப்போன ஒருத்திக்காக, அந்த வழியே போகிறவர்கள் அதன் முன்னால் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வைத்திருந்தார்கள். எங்கள் தண்ணீர் காலையிலேயே தீர்ந்திருந்தது. எபனேசர் ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்தான்.

"வேணாம்டா, அது அவளுக்கு வச்சது," என்றேன்.

"செத்தவளுக்கு என்னடா தாகம்?" என்று சிரித்தவன், ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, காலி பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. எபனேசர் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தான். "நிறுத்தச் சொல்லுடா, ஒரு பொம்பளை நடந்து வர்றா," என்றான். எட்டிப் பார்த்தேன். பின்னால் வெறும் சாலைதான் கிடந்தது.

தூத்துக்குடி திரும்பி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்று அவன் மனைவி ஷீபா போன் செய்தாள்.

"அண்ணே, அவங்க தினமும் வாசல்ல வரிசையா பாட்டில்ல தண்ணி பிடிச்சு வைக்கிறாங்க. கேட்டா, 'பாவம், பக்கத்துல வந்துட்டா'ங்கிறாங்க."

"எல்லாத்தையும் எடுத்துக் கொட்டிரும்மா."

அவள் குரல் தணிந்தது.

"கொட்டத்தான் போனேன். ஒண்ணு காலியா இருக்குண்ணே. மூடியைத் திருகி, இருந்த இடத்துலயே வச்சிருக்கு."