ஒரே வயிற்றுச் சிப்பிகள்

"எங்க ஊர்ச் சிப்பிச் சுவரு மொத்தமும் ஒரே மத்தியானத்துல வாயப் பொளந்துட்டு மச்சான். அந்தச் சத்தத்துல கோயில் மணி தானா அடிச்சுது!" என்றார் கஸ்பார்.

அவர் வாயில் விழுந்தால் பொடிமீன் சாளைகூடச் சுறாவாகிவிடும். மச்சான் சந்தியாகு சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "மரக்கால் காணாதுன்னு கப்பலாலயே அளக்கீரே வே!"

கடலைத் தடுக்க ஊருக்கு ஊர் சிப்பி வளர்த்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சீக்கிரம் பெருகுகிறது என்று எல்லாச் சுவரிலும் ஒரே தாய்ச்சிப்பியின் வம்சத்தையே விட்டிருந்தார்கள். கஸ்பாரின் ஊர்ச் சுவர் சீக்கு வந்து வாய் பிளந்து செத்து, வீடு கடலுக்குள் போனதால்தான் அவர் மச்சான் வீட்டில் கிடந்தார்.

சந்தியாகுவுக்குத் தம் ஊர்ச் சுவர் அழகாக இருக்க வேண்டும். தானாக வந்து ஒட்டும் கோணல் சிப்பிகளைத் தினமும் சுரண்டி எறிவார்.

"அதுகள விட்டுவையும் மச்சான். வேற வயித்துப் பிள்ளைக. சீக்கு வந்தா அதுகதான் நிக்கும்."

"மணியடிச்ச கதை சொன்ன ஆளு பேச்ச எவம்வே கேப்பான்?"

அந்த மணியை மட்டும் சேர்க்காமல் இருந்திருக்கலாமோ என்று வாழ்நாளில் முதன்முறையாகக் கஸ்பாருக்குத் தோன்றியது.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், சுவர்ப் பக்கம் ஆலங்கட்டி மழைபோலச் சடசடவெனச் சத்தம். ஓடிப்போன சந்தியாகு, வாய் பிளந்த சிப்பி ஒன்றோடு திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பிடிவிட்ட சிப்பிகளை உருட்டிக்கொண்டு அலை தெருமுனைக்கு வந்திருந்தது.

"நீரு சொன்னது நெசந்தான் மச்சான்," என்றார். "மணி மட்டுந்தான் அடிக்கல."