செடிக்குக் காவல் நின்ற பல்லி

சுகந்தி வீட்டு ஜன்னலோரம், ரோஜாப்பூ போல இலைகளை அடுக்கிக்கொண்டு ஒரு சதைப்பற்றுச் செடி இருந்தது. அவளுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். அடியிலைகள் கொழகொழவென்று அழுகத் தொடங்கின.

“பல்லியண்ணே, மாதம் இரண்டு தடவை தண்ணீர் கிடைத்தாலே எனக்குப் போதும். இப்படியே போனால் இந்த வாரம் தாங்கமாட்டேன்” என்று சுவரிலிருந்த பல்லியிடம் செடி அழுதது.

மறுநாள் சுகந்தி குவளையோடு வந்ததும், பல்லி தொப்பென்று தொட்டிக்குள் குதித்தது. அவள் அலறிக்கொண்டு ஓடினாள். மூன்று நாள் இதே கூத்து. அப்புறம் அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

மண் காய்ந்தது. செடிக்கு உயிர் வந்தது. நடுவில் புது இலைகள் விரிந்தன.

சில வாரம் கழித்துத் தயங்கித் தயங்கி எட்டிப்பார்த்த சுகந்தி துள்ளிக் குதித்தாள். “அடேயப்பா! என் கைராசியே கைராசி!”

அன்றே அதே போல இன்னும் நான்கு செடித்தொட்டிகள் வாங்கிவந்து வரிசையாக வைத்தாள்.

“இப்போது என்ன அண்ணே செய்வது?” என்றது செடி.

“என் ஒருவனால் ஆகாது. சமையலறையில் என் தம்பிகள் இருக்கிறார்கள், கூட்டிவருகிறேன்” என்று பல்லி கிளம்பியது.