தங்கக் கோட்டுக்காரன்

"மறுபடியும் அந்தக் கண்றாவியா? ஞாயித்துக்கிழமை ஒரு மனுஷன் வீட்டுல நிம்மதியா உக்காரணுமா வேண்டாமா?"

அப்பா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நபோசா தேநீர்க் கோப்பையோடு வந்தாள். அந்த ஊர்ப் பெண்களின் வழக்கப்படி முழங்காலிட்டு அதை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டாரே தவிர, கண் தொலைக்காட்சியை எரித்துக்கொண்டிருந்தது.

அதில் ஓடிய குறுந்தகட்டுப் படத்தில், நிலாவிலிருந்து வந்த திருடர்கள் தலையில் குண்டான்களைக் கவிழ்த்துக்கொண்டு கம்பாலாவின் வாழைத்தோப்புகளைச் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். தங்க நிறக் கோட்டும் முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட வீரன், பறக்கும் பைக்கில் வந்து இறங்கினான். இடுப்பை ஆட்டிக்கொண்டே சுட்டான். படத்துக்கு நடுவே புகுந்து கேலி பேசுவதற்கென்றே இருக்கும் குரல்காரர், "அடி வாங்கினது குண்டான்தான் மக்களே, ஆளுக்கு ஒண்ணும் ஆகலை!" என்று கூவினார்.

நகரத்தின் மறுகோடியில், ஒரு சேரித் தெருவில் எடுத்த படம். பேட்டை முழுக்க இதனால் இரண்டு கட்சி. பாதிப் பேர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், மீதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நபோசாவின் வீட்டிலும் அதே கதைதான்.

"என்ன கோட்டு! என்ன மினுக்கு!" என்றாள் அம்மா.

"சோபா உறையைக் கிழிச்சுத் தைச்சிருக்கான். அதுல கோழி இறகு வேற."

"அதை விடுங்க நபோசா அப்பா. அந்தக் கிழவி தடுக்கி விழுந்ததும், சண்டையை விட்டுட்டு ஓடி வந்து தூக்குறான் பாருங்க."

"அது நடிப்பு!"

"இருக்கட்டுமே. தூக்குற கையைப் பாத்தாத் தெரியாதா? வயசானவங்களைத் தூக்கிப் பழகின கை."

"மாதா கோயில்ல பாட்டுச் சொல்லித் தர்ற என் வீட்டுல குண்டான் சத்தம்! வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க. இப்படி இடுப்பை ஆட்டிக்கிட்டுத் திரியறவனுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா?"

நபோசா போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

வருகிற சனிக்கிழமை முலோண்டோவின் வீட்டார் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கூடை கூடையாய்ச் சீர் சுமந்து அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளை இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. பட்டறை மூடியதும் தங்கக் கோட்டை மாட்டிக்கொண்டு நிலாத் திருடர்களை விரட்டுகிறவனும் அவன்தான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள். வீட்டாரில் இதுவரை அவனை நேரில் பார்த்தது, வழக்கப்படி சம்பந்தம் பேசும் அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தால், வந்த கூடைகள் வந்த வழியே திரும்பிப் போகும். முலோண்டோ இல்லாத ஒரு வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதில் அம்மா வேறு, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கிறாள்.

"அம்மா, போதும்மா. அணைச்சிடலாம்" என்றாள் நபோசா கெஞ்சலாக.

"சும்மா இருடி. சாப்பாட்டுக் காட்சி வருது. கூட இருந்தவனுக்கு வச்சிட்டுத்தான் தன் தட்டுல போட்டுக்கறான், பாரு! வாயை மூடி மென்னு சாப்பிடறான்."

"திங்கறதைக்கூடவா ரசிப்பே? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!" அப்பா பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "நான் கோயிலுக்குப் போறேன். நீயும் உன் நிலாத் திருடனும் வீட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க!"

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. நபோசா பெருமூச்சு விட்டாள். அதற்குள் படம் முடிவுக்கு வந்திருந்தது. திருடர்கள் நிலாவுக்கே ஓடிவிட, வீரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்துச் சிரித்தான். அம்மா சட்டென்று பொத்தானை அழுத்தி அந்த முகத்தை அப்படியே நிறுத்தினாள். நாற்காலியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முலோண்டோ தானே?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"அம்மா... உனக்கு எப்படி?"

"உன் அத்தை வாயில எது நிக்கும்? என்கிட்ட மட்டும் சொன்னா."

"அப்பாவுக்கு?"

"அவர் என்னிக்கு இந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பாத்தாரு? அவருக்குக் கோட்டைத்தான் தெரியும், முகம் தெரியாது. சனிக்கிழமை மாப்பிள்ளை வெள்ளை அங்கியில வந்தா எங்கே கண்டுபிடிக்கப் போறாரு? கல்யாணம் ஆகட்டும். அப்புறம் அவரை நான் பாத்துக்கறேன்."

நபோசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாவின் மடியில் முகம் புதைத்தாள்.

"அப்போ, அவர் நடிச்ச படம் உனக்கு அவ்வளவு பிடிச்சிருக்காம்மா?"

"படமா?" அம்மா முகத்தைச் சுளித்தாள். "படு குப்பைடி. உங்கப்பா சொல்றது அத்தனையும் நிஜம்."

"பின்னே ஏம்மா திரும்பத் திரும்பப் பாக்கறே?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சனிக்கிழமை சீரை வாங்கிட்டா இவர் எனக்கு மருமகன். அப்புறம் நம்ம வழக்கப்படி, எதிர்ல வந்தாக்கூட மாமியார்க்காரி நான் ஒதுங்கித்தானே போகணும். சாகுற வரைக்கும் நேருக்கு நேர் முகத்தைப் பாக்கக் கூடாதே. அதான், என் பொண்ணை யார் கையில குடுக்கறேன்னு இப்பவே நல்லாப் பாத்துக்கறேன்."