ஆரஞ்சுக் கோட்டு

எங்கள் சைக்கிள் குழுவில் ஆரஞ்சுக் கோட்டு போட்டவர்தான் கடைசி ஆள். அவர் யாரையும் முந்தக் கூடாது. வழியில் யார் நின்றாலும் கூடவே நிற்க வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கக் குடும்பங்களோடு கிளம்பிய அன்று அது என் முறை. என் பின்சீட்டில் மகள்.

மேட்டில் ஒரு பெண் கழன்ற செயினோடு நின்றாள். குழுவுக்குப் புதிது போல. எங்கள் மஞ்சள் கொடி அவள் சைக்கிளிலும் ஆடியது. ஏற்கெனவே இரண்டு பஞ்சருக்கு நின்று எனக்குச் சலித்துப்போயிருந்தது. கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, பார்க்காதவன் மாதிரி அவளைக் கடந்துவிட்டேன்.

"அப்பா, அந்த அக்கா..."

"பேசாம வா."

ஏரிக்கரையில் குழுத்தலைவர், "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். "வந்தாச்சு" என்றேன், வாய் கூசாமல். அவர் சைக்கிள்களை எண்ணினார். அவள் சைக்கிள் அதில் இல்லை; ஆனாலும் கிளம்பிய ஒன்பதும் இருந்தன. அப்பாடா என்றிருந்தது. மகள் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பையில் கோட்டு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. திரும்பும்போது நானாகவே கடைசியில் வந்தேன். மகள் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்த அக்கா வராங்கப்பா. உங்க கோட்டப் போட்டிருக்காங்க."

வழிவிட்டு ஓரமாக நின்றேன். திரும்பிப் பார்க்க முகமில்லை. நெடுநேரம் யாரும் கடந்து போகவில்லை.

"அவங்களும் நின்னுட்டாங்கப்பா" என்றாள் மகள்.