மூக்கைத் தொட்டால் உயிர்

“பிள்ளை கையில துப்பாக்கியைக் குடுத்து வளர்த்தா உருப்படுமா?” சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாகக் கத்தினாள் மனைவி.

“பிளாஸ்டிக்குடி! இதுல ஈ கூடச் சாகாது” என்று தையல் மெஷினை விட்டு எழுந்தார் தையல்காரர்.

“விளையாட்டுக்குக்கூட நீங்க சாகறது எனக்குப் பிடிக்கல.”

“செத்தாத்தானே உன் மக சிரிக்கறா!”

தினமும் இதே கூத்துதான். மகள் ‘டுமீல்’ என்றதும், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு அவர் வெட்டிய மரம்போலச் சாய்வார். அவள் ஓடிவந்து மூக்கைத் தொட்டால்தான் உயிர் வரும். அப்புறம் இரண்டு பேரும் வீடு அதிரச் சிரிப்பார்கள்.

இன்றும் தொப்பென்று சத்தம் கேட்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு குழம்பைக் கிளறினாள். சிரிப்புச் சத்தத்தை மட்டும் காணோம்.

“நடிச்சது போதும், எழுந்திரிங்க! சட்டை வாங்க ஆள் வந்துடப்போகுது.”

மகள்தான் வந்து முந்தானையை இழுத்தாள். கையில் துப்பாக்கி இருந்தது.

“மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டேம்மா. அப்பா எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு.”

“இன்னொரு தடவை தொடுடி.”

குழந்தையின் உதடு பிதுங்கியது.

“நான் இன்னும் சுடவே இல்லையேம்மா!”