வலப்பக்கக் காலடி

மில்லில் ஷிப்டு முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடுவதுதான் இன்பராஜுக்கு ஓய்வு. சில மாதங்களாக எதிரிகள் வலப்பக்கமாகவே வந்து அவனைக் கொன்றார்கள். அவர்களுடைய காலடிச் சத்தமே கேட்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் சவுண்டு சரியில்லை என்று முடிவுசெய்து, நாலு கடை விசாரித்து, தனி சவுண்டு கார்டு ஒன்று வாங்கி வந்தான். அசதியோடு அசதியாக அதை மாட்டி, டிரைவர் ஏற்றி, ஹெட்போனில் சோதித்தான். இடது கேட்டது, வலது கேட்கவில்லை.

"இதுவும் போச்சு. நீயே கேட்டுப் பாரு" என்று மனைவி செலினிடம் நீட்டினான்.

அவள் மாட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் நல்லாத்தான கேக்கு?"

ஹெட்போனை வாங்கி இடம் வலம் மாற்றி மாட்டினான். அப்போதும் இடது காதில் மட்டும்தான். பிறகு இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கும்படி செட்டிங்கை மாற்றினான். இப்போது எல்லாக் காலடிகளும் கேட்டன. எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்பதுதான் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"என்னங்க?" என்றாள், வலப்பக்கம் நின்றிருந்த செலின்.

அவன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவள் சுற்றிப்போய் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.