முன்பக்கம் மட்டும்

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். தோளில் கறை ஏறிய பழைய துண்டு, கையில் பல் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ். அதைச் சாயத்தில் தொட்டுத் தொட்டு நெற்றியோரத்திலும் காதோரத்திலும் பொறுமையாக இழுக்கிறாள். இன்று காலையில்தான் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய மகள் கதவில் சாய்ந்து நிற்கிறாள். ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் பின்னந்தலையில் விழுகிறது. உச்சியிலிருந்து பிடரிவரை முடி பஞ்சாக வெளுத்துக் கிடக்கிறது. "பார்லருக்குப் போறதில்லையாம்மா?" என்கிறாள் மகள். "அவங்க கேக்குற காசுக்கு ஒரு மாசத்துக் காய் வாங்கிடலாம். இந்தப் பாக்கெட்டையே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு நாலு தடவைக்கு வச்சுக்குவேன்." "அப்போ பின்னாடி?" "பின்னாடி யாரு பாக்கப் போறா? நீ போன்ல பாக்குறது முன்னாடிதானே." அம்மா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு சிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில் கருகருவென்று தெரிந்த அந்த நெற்றியோரத்தைப் பார்த்துத்தான், "உனக்கென்னம்மா, அப்படியேதான் இருக்கே, அடுத்த வருஷம் வர்றேன்" என்று மகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். இப்போது பிரஷை வாங்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். பிடரி முடியை விரலால் வகிர்ந்து பிடித்தபடி கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறாள். அடியில் ஒட்டியிருக்கும் சாயம் ஒரு கீற்றுக்குக்கூடப் போதாது. கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா அவளைப் பார்க்கிறாள். "விடுடி. நாலு நாள்ல நீ கிளம்பிட்டா, மறுபடியும் முன்னாடி மட்டும்தானே தெரியும்."